குரல் கண்டறியும் துணைக்குழு

தண்டவாளம் ரசிகர் மன்றம், ஜொகூர் மாநிலம். அவசரப் பொதுக்கூட்டம். ஞாயிறு, காலை மணி பத்து. இடம்: உலு திராம், டயர் கடைக்கு மேல்மாடி, மன்ற அறை.

வந்திருந்தோர்: தலைவர் திரு. தங்கராஜு. துணைத்தலைவர் திரு. மதிவாணன். பொருளாளர் திருமதி வாசுகி. உதவித் தலைவர்கள் எட்டுப் பேர். ஆலோசகர்கள் மூன்று பேர். சாதாரண உறுப்பினர் குமாரி ரூபினி. செயலாளர் தீபன்.

தாமதமாக வந்தவர்: தலைவர்.

வராதவர்: இன்னொரு சாதாரண உறுப்பினர், ஜீவன். காரணம்: அவரை யாரும் அழைக்கவில்லை.

தீபன் நான்தான். வயது நாற்பத்தாறு. செனாய்ப் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் இரவுக் காவல். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. காவல் காப்பதற்கு அது தெரிய வேண்டியதில்லை என்று பயிற்சியில் சொன்னார்கள். சனி இரவு வேலை முடிந்து நேராக வந்துவிடுவதால் ஞாயிறு காலையில் விழித்திருக்கும் ஒரே உறுப்பினர் நான். அதனால் அறைச் சாவி என்னிடம் வந்தது. சாவி வைத்திருப்பவன் எப்படியும் முதலில் வருவான், முதலில் வருபவனே எழுதட்டும் என்று செயலாளர் பதவியும் வந்தது. பதினைந்து வருடமாக இதுதான் என் தகுதி. ஆனால் வாரத்தில் ஒருநாள், 'செயலாளர் அவர்களே' என்று யாராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். மற்ற ஆறு நாளும் என்னை வாக்கி டாக்கியில் 'போஸ்ட் நான்கு' என்பார்கள்.

தண்டவாளம் என்பது லாபிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில், 1992-இல் தொடங்கிய ராக் இசைக்குழு. தமிழில் ராக் பாட முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் பாடிக் காட்டிய பிறகும் சொன்னார்கள். பாடகர் வாலண்டைன், கிட்டார் லெஸ்லி, டிரம்ஸ் சபாபதி. நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கப் போனேன். பதினான்கு மாதம் தூக்கினேன். படிப்பு போனது. 2001-இல், போஸ்டரில் யார் படம் பெரிது என்ற சண்டையில், இசைக்குழுவும் போனது. எனக்கு மிஞ்சியது ஒரு ஸ்பீக்கர். அது பாடாது.

அந்த ஸ்பீக்கரைத்தான் மன்ற அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். கதவின் பூட்டு பழுது. உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் பூட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளேயிருந்து திறக்காது. வெளியே நின்று சாவி போட வேண்டும். இதை ஏழு வருடமாக ஒவ்வொரு கூட்டக் குறிப்பிலும் 'பிற விவகாரங்கள்' என்ற தலைப்பில் எழுதி வருகிறேன். பிற விவகாரங்களுக்கு எங்கள் கூட்டம் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை. குறிப்பை யாரும் படிப்பதுமில்லை. 'வாசிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது' என்று கை தூக்கிவிடுவார்கள்.

அன்றைய அவசரம், ஏமாற்றம் அடைவது.

இருபத்து மூன்று வருடம் கழித்து தண்டவாளம் மறுபடியும் ஒன்றுசேர்ந்து, போன ஆகஸ்ட்டில், ஸ்கூடாயில் ஒரு மண்டபத்தில் பாடினார்கள். அதை அப்படியே பதிவு செய்து 'மீண்டும் தண்டவாளம்: நேரடிப் பதிவு' என்று இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள். வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். இணையத்தில் திட்டினார்கள். மன்றமும் ஏதாவது செய்தாக வேண்டும்.

தலைவர் எழுந்தார். நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தபடி அவர் பேசி நான் பார்த்ததில்லை. வீட்டில் சோறு கேட்கும்போதும் எழுந்துதான் கேட்பார் என்று சொல்வார்கள்.

"ஒருத்தரொருத்தரா ஏமாந்தா அது புலம்பல். மன்றமா ஏமாந்தாதான் அது நிலைப்பாடு. அதனால முறைப்படி முன்மொழியணும்."

வாசுகி அக்கா முன்மொழிந்தார். ஓர் உதவித் தலைவர் வழிமொழிந்தார். 'மிகுந்த ஏமாற்றம்' என்று எழுதினேன். துணைத்தலைவர் மதிவாணன் 'ஆழ்ந்த ஏமாற்றம்' என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆழ்ந்த என்பது மரண வீட்டுக்கு உரியது என்று ஆலோசகர் ஒருவர் ஆட்சேபித்தார். இருபது நிமிடம் போனது. 'மிகுந்த' பத்துக்கு ஐந்து என்ற கணக்கில் வென்றது. தலைவர் நடுநிலை வகித்தார்.

"நான் இந்த ஆல்பத்த முழுசா கேக்கல," என்றார் தலைவர். "முழுசா கேட்டா நடுநிலை போயிடும். ஆனா அதுல என் வரவேற்புரைய மூணு தடவ கேட்டேன். ரொம்பத் தெளிவா பதிவாகியிருக்கு. ஆக, மிஷின் மேல தப்பு இல்ல."

ரூபினி கை தூக்கினாள். இருபத்தேழு வயது. தெப்ராவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. எங்கள் மன்றத்தில் பாட்டுக்காகச் சேர்ந்த கடைசி ஆள் அவள்.

"அங்கிள், மக்கள் திட்டறதே அந்த உரைங்களுக்குத்தான் லா. நெட்ல எல்லாரும் எழுதறாங்க."

"நெட்ல எழுதறவங்க நம்ம உறுப்பினருங்களா?"

"இல்ல."

"சந்தா கட்டலையே. அப்ப அவங்களுக்கு ஏமாற உரிமை இல்லம்மா. உக்காருங்க."

அவள் சொன்னது உண்மைதான். மண்டபப் பதிவு மன்றத்தின் பெயரில் இருந்ததால் நிகழ்ச்சியும் மன்றத்தின் முறைப்படியே நடந்தது. முதல் தட்டின் முதல் தடம், குத்துவிளக்கு ஏற்றுதல். ஆறு நிமிடம். காற்றாடியை நிறுத்தச் சொல்லி யாரோ கத்துவது நன்றாகக் கேட்கும். இரண்டாவது, தலைவரின் வரவேற்புரை, பதினெட்டு நிமிடம். மூன்றாவது, சிறப்பு விருந்தினர் டத்தோ வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்ற அறிவிப்பு. நான்காவது, டத்தோ இன்னமும் வழியில்தான் இருக்கிறார் என்ற அறிவிப்பு. ஐந்தாவதில் முதல் பாட்டு. அதன் நடுவில் டத்தோ வந்துவிட்டதால் பாட்டை நிறுத்தி எழுந்து நிற்கிறார்கள்.

பிறகு பொன்னாடை. எங்கள் அமைப்பு விதி முப்பத்தொன்று: மேடை ஏறும் எவரும் பொன்னாடையின்றி இறங்கலாகாது. ஒவ்வொரு பாட்டும் ஒரு மேடை என்பது தலைவரின் விளக்கம். ஒன்பது பாட்டு, ஆளுக்கு ஒன்பது பொன்னாடை. போர்த்தியதைக் கழற்றினால் போர்த்தியவரை அவமதித்ததாகும். ஏழாவது பாட்டில் சபாபதி அண்ணனின் குச்சி பொன்னாடைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. பதிவில் அந்த இடத்தில் டிரம்ஸ் நின்று, 'சனியன்' என்ற சொல் கேட்கிறது. விமர்சனம் எழுதிய சிலர் அந்த ஒரு சொல்லில்தான் பழைய தண்டவாளம் தெரிந்தது என்று எழுதியிருந்தார்கள்.

இதையெல்லாம் வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெட்டத்தான் இருந்தார்கள். ஒலிப்பதிவாளர் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். மன்றம்தான் தடுத்தது. 'நேரடி என்றால் நேரடி. ஓர் இருமலைக்கூட, ஒரு மூச்சைக்கூட வெட்டலாகாது. வெட்டுவது ரசிகனின் நெஞ்சை வெட்டுவதாகும்.' தீர்மானம் ஆறு. எழுதியவன் நான். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. என் எழுத்தில் வேறெதற்கும் கலங்கியதில்லை.

அதற்கான தண்டனை இரண்டாவது தட்டில் இருந்தது.

"மன்றம் முறைப்படி கேட்கட்டும்," என்றார் தலைவர். எங்களிடம் இருந்த பழைய ரேடியோவில் தட்டுப் போடும் மூடியை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஓடாது. அழுத்திப் பிடிக்கும் பொறுப்பு துணைத்தலைவருக்கு அளிக்கப்பட்டது. மதிவாணன் இரண்டு கைகளாலும் அழுத்தினார். 'பெரட்டு' வந்தது.

ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, தோட்டக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிடுவார், அதுதான் பெரட்டு. தண்டவாளம் அதைப் பாட்டாக்கியது. வாலண்டைன் ஒரு பெயரைக் கூப்பிடுவார். எல்லா வாத்தியமும் நிற்கும். இரண்டு தாளம் வெற்றிடம். மண்டபம் முழுக்க 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அப்புறம் டிரம்ஸ் இறங்கும். பதினான்கு பெயர், பதினான்கு தடவை. 1999-இல் செகாமட்டில் அந்தப் பதிலுக்கு கூரையிலிருந்த பல்லி கீழே விழுந்தது. நான் பார்த்தேன்.

ரேடியோவில் வாலண்டைன், ஐம்பத்தொன்பது வயதுக் குரலில், "முனியாண்டி" என்றார். வாத்தியங்கள் நின்றன. ஒன்றரைத் தாளத்திலேயே, முந்திக்கொண்டு, தொண்டை கட்டிய ஆடுபோல ஒரே ஒரு குரல்: "இருக்கேன்."

பிறகு ஒன்றுமில்லை. எங்கோ ஒரு நாற்காலி இழுபட்டது.

"அங்கம்மா."

"இருக்கேன்." அதே ஆள். ஆண் பெயரா பெண் பெயரா என்றுகூட அவன் பார்க்கவில்லை. பதினான்கு பெயருக்கும் அவனே பதில் சொன்னான். பதினோராவது பெயரில் அவனுக்கு இருமல் வந்தது. இருமிவிட்டுச் சொன்னான். அதற்குள் வாலண்டைன் அடுத்த வரியை மறந்துவிட்டார்.

மதிவாணன் மூடியிலிருந்து கையை எடுத்தார். தட்டு நின்றது.

"இவன்தான்," என்றார் தலைவர். நாள்கணக்கில் தேடிய பொருள் கைக்குக் கிடைத்ததுபோல அவர் முகம் மலர்ந்தது. "ஆல்பத்தக் கெடுத்தவன் இவன்தான். இவன் நம்ம மன்றத்துல இருந்தா விதி நாற்பதின்படி நீக்கம்."

அந்தக் குரல் என்னுடையது.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வேலை இடத்திலும் சொல்ல முடியாது. அந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டி இணையத்தில் விட்டிருந்தார்கள். முதலாளி கூப்பிடுகிற கேலி வீடியோ, சோம்பேறி எழுந்திருக்கிற கேலி வீடியோ, எல்லாவற்றுக்கும் பின்னணியில் நான். எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் அதைத் தன் கைப்பேசி மணியாக வைத்திருக்கிறான். அவன் மனைவி கூப்பிடும்போதெல்லாம் நான் 'இருக்கேன்' என்கிறேன்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் 'குரல் கண்டறியும் துணைக்குழு' அமைக்கப்பட்டது. குறிப்பு எடுக்கத் தெரிந்தவர் என்பதால் தலைவராக என்னைப் போட்டார்கள். இளைஞர் பங்கேற்பு வேண்டும் என்பதால் ரூபினியைப் போட்டார்கள்.

மூன்று வாரம் விசாரித்தோம். ஒவ்வொருவரும் படிவம் நிரப்பிவிட்டு, கைப்பேசிக்கு முன்னால் நின்று, 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். பழைய கார் ஸ்டிக்கர் விண்ணப்பத்தைத்தான் படிவமாக மாற்றியிருந்தேன். ஆகவே 'நிறம்' என்று ஒரு கட்டம் தங்கிவிட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை. மதிவாணன் 'கறுப்பு' என்று எழுதினார். வாசுகி அக்கா 'மாநிறம்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'சிவப்பு' என்று எழுதினார். மதிவாணனுக்குத் தன் குரல் பிடித்துப்போய் மூன்று முறை சொன்னார். கடைசித் தடவை ராகம் போட்டார். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என்பதால் எனக்குச் சோதனை இல்லை.

அடுத்த கேள்வி: 'பெரட்டு' பாடப்பட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

"நான் குற்றவாளியா இருக்க சான்ஸே இல்ல," என்றார் தலைவர். "பின்னறையில டத்தோகூட கேசரி சாப்பிட்டுட்டு இருந்தேன். எழுதிக்குங்க. ரெண்டு தட்டு."

எட்டு உதவித் தலைவர்களும் தலைவர் சாப்பிடும்போது பின்னால் நின்றிருந்தார்கள். அதற்குப் படம் இருந்தது. மூன்று ஆலோசகர்கள் அந்தப் படத்தில் யார் முன்னால் நிற்பது என்று நடைபாதையில் தகராறு செய்துகொண்டிருந்தார்கள், ஒருவருக்கொருவர் சாட்சி. வாசுகி அக்கா சாமான் அறையில் மிச்சப் பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்தார். மதிவாணன் காரில் ஏர்கான் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். "ராக் சத்தம் எனக்கு ஆகாது தம்பி. பிரஷர்," என்றார். ராக் இசைக்குழுவின் ரசிகர் மன்றத்துக்கு அவர் ஒன்பது வருடமாகத் துணைத்தலைவர்.

எல்லோரும் தாங்கள் மண்டபத்தில் இல்லை என்பதை ஆதாரத்தோடு, பெருமையோடு நிரூபித்தார்கள். எழுத எழுத எனக்குத் தூக்கம் கலைந்தது.

ரூபினியிடமும் முறைப்படி கேட்டேன்.

"நான் உள்ளதான் இருந்தேன் அண்ணே. வீடியோ எடுத்துட்டு இருந்தேன். கத்துனா என் சத்தம் வீடியோல விழுமேன்னு வாய மூடிட்டேன். என் பக்கத்துல எல்லாருமே அப்படித்தான். முந்நூறு போன் தூக்கியிருந்துச்சு." அவள் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். "இதுல முன்னாடி ஒரு தலை தெரியுது பாருங்க. வழுக்கை. பெயர் கூப்பிடக் கூப்பிட அந்தத் தலை குதிக்குது."

நான் பார்த்தேன். பின்னாலிருந்து என்னை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. நினைத்ததைவிடப் பெரிய வழுக்கை.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா நீங்க சொல்லணும் லா, அண்ணே."

"சொன்னா வெளிய போகணும்."

"வெளிய என்ன இருக்கு?"

"போஸ்ட் நான்கு," என்றேன்.

அறிக்கை எழுதினேன். 'பெரட்டு நடந்தபோது மண்டபத்தில் இருந்த மன்றத்தினர் இருவர். பதில் சொன்னவர் ஒருவர்.' பெயர் எழுதவில்லை. அந்த அளவுக்குத்தான் என் துணிச்சல். தலைவர் படித்துவிட்டு அறிக்கையை மேசையில் குப்புறக் கவிழ்த்தார்.

"இதப் படிச்சா நாங்க யாருமே உள்ள இல்லன்னு ஆவுது, தம்பி."

"நீங்கதானே சொன்னீங்க."

"விசாரணைக்குச் சொன்னது வேற, அறிக்கைக்கு வேற. 'மன்றத்தினர் அனைவரும் மண்டபத்தில் அமர்ந்து கண்ணியமாக அமைதி காத்தனர்'னு போடுங்க. அமைதி காக்காதவன் யாரு? இந்த விசாரணைக்கு வராதவன். வராதவன் யாரு? ஜீவன்."

"அவருக்கு நாம சொல்லவே இல்லையே."

"சொல்லியும் வரலன்னா மன்னிச்சிருப்பேன். சொல்லாமலே வரல. அதுதான் சந்தேகமா இருக்கு."

ஜீவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஆள். நிகழ்ச்சி நாளன்று வேலையில் இருந்ததாக எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார், டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடும்படி. நான் அறிக்கையை மாற்றி எழுதினேன். ஜீவனின் பெயரை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டேன், கூட்டத்தில் எழுதலாம் என்று. என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டாம். அந்தக் காலி இடத்தில் பென்சிலால் 'ஜீ' வரை எழுதியிருந்தேன்.

இரண்டாவது கூட்டம். வந்திருந்தோர்: முன்போலவே. சிறப்பு வருகை: வாலண்டைன்.

மன்றம் அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்திருந்தார். இப்போது பெக்கான் நானாஸில் இருந்துகொண்டு தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். முடி போய்விட்டது, தொந்தி வந்திருக்கிறது, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. பதினான்கு மாதம் அவருடைய பெட்டிகளைத் தூக்கியவன் நான். வாசலில் நின்று வணக்கம் சொன்னேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"தம்பி, டாய்லெட் எங்க இருக்கு?" என்றார்.

காட்டினேன்.

அவர் வந்து உட்கார்ந்ததும் முதலில் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். பிறகு கண்டனத் தீர்மானத்தை வாசித்தார்கள். விதி முப்பத்தொன்று அந்த வரிசையைத்தான் சொல்கிறது.

"அடுத்த வரிய ஏன் மறந்தீங்க? மன்றத்துக்கு விளக்கம் வேணும்," என்றார் தலைவர்.

வாலண்டைன் பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "வயசாயிருச்சு. வேற என்ன."

"அந்தக் குரல்தான காரணம்?"

"அதுவும் ஒரு காரணம்தான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் அந்தக் குரலைப் பற்றி வேறு மாதிரிச் சொல்வார் என்று மூன்று வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். 'அந்த ஒருவன் இல்லையென்றால் நான் பாடியே இருக்க மாட்டேன்' என்று அவர் சொல்ல வேண்டும். நான் தலை குனிய வேண்டும். போஸ்ட் நான்கில் நடந்தபடியே கற்பனை செய்த காட்சி. நான்கைந்து விதமாகத் தலை குனிந்து பார்த்திருந்தேன்.

"அத எடுத்துருன்னு சவுண்டுக்காரன்கிட்ட நானே சொன்னேன்," என்றார் வாலண்டைன். "உங்க மன்றத் தீர்மானம் இருக்கு, ஒரு இருமலக்கூட எடுக்கக்கூடாதுன்னான். யாருமே பதில் சொல்லலன்னா நான் மேல டிரம்ஸ ஏத்தி மூடியிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஒருத்தன் மட்டும் பதில் சொல்லிட்டான். அப்ப மத்தவன் எவனும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. இப்ப உலகம் பூரா கேக்குது."

தலைவருக்கு இதில் தனக்கு வேண்டிய பகுதி மட்டும் கேட்டது. "பாத்தீங்களா. கலைஞரே சொல்றாரு. உறுப்பினர்களே, நீக்கத்துக்கு ஓட்டு எடுக்கறதுக்கு முன்ன விதி பன்னிரண்டின்படி வருகைப் பதிவு. செயலாளர் அறிக்கை தாக்கல் பண்றதால அவர் கூப்பிட முடியாது. நானே கூப்பிடறேன்."

என் கையிலிருந்து பதிவேட்டை வாங்கிக்கொண்டார்.

பதினைந்து வருடமாக அந்தப் பெயர்களைக் கூப்பிட்டவன் நான். கூப்பிடுகிறவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. தன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டால் முடிந்தது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மதிவாணன்."

"ஹாடிர்."

"வாசுகி."

"வந்திருக்கேன்."

உதவித் தலைவர்கள் ஒவ்வொருவராக 'எஸ்' என்றார்கள், கை தூக்கினார்கள், ஒருவர் தும்மினார், அதையும் தலைவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். நான் கை தூக்கினால் போதும். அல்லது மெதுவாக 'ஆஜர்' என்றால் போதும். மேசையில் அறிக்கை இருந்தது, அதில் பென்சிலால் 'ஜீ' இருந்தது. ரூபினி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"தீப..."

"இருக்கேன்."

அவர் பெயரை முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். ஆட்டுக்குத் தொண்டை கட்டியதுபோலவே. நேர்மை என்று நினைக்க வேண்டாம். முதல்நாள் இரவு முழுக்க விழித்தவன். பெயரைக் கூப்பிட்டார்கள், பதில் வந்துவிட்டது. வந்த பிறகு அதை நான் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

மதிவாணன் பழக்கதோஷத்தில் ரேடியோ மூடியைத் தொட்டுப் பார்த்தார், தட்டு ஓடுகிறதா என்று.

வாலண்டைன் நாற்காலியோடு திரும்பினார்.

"ஓ. நீயா," என்றார். "நீ இந்த ஸ்பீக்கர் தூக்கற பையன்ல."

"ஆமாண்ணே."

"செகாமட்லயும் முந்தித்தான் கத்துன. அப்பவே சொன்னேன், ரெண்டு தாளம் எண்ணுடான்னு. இருபத்தஞ்சு வருஷமாச்சு. இன்னும் எண்ணக் கத்துக்கல."

"இல்லண்ணே."

"சரி." அவர் எழுந்து பொன்னாடையைக் கழற்றி நான்காக மடித்து மேசையில் வைத்தார். கழற்றியவரைப் பார்த்து வாசுகி அக்கா 'அலமாக்' என்று வாயைப் பொத்தினார். "எனக்கு ரெண்டு மணிக்கு பஸ் எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஸ்பீக்கரைத் தாண்டி, ஒரு கணம் நின்று அதன் தலையில் தட்டிப் பார்த்து, இறங்கிப் போனார்.

தலைவர் பதிவேட்டைப் பட்டென்று மூடினார்.

"செயலாளர் அவர்களே. இது துரோகம். விசாரணைக் குழுவுக்குத் தலைவரா இருந்துக்கிட்டே குத்தவாளியா இருந்திருக்கீங்க. ரெண்டு பதவி ஒரே ஆள் வகிக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு."

நீக்கத் தீர்மானம் முன்மொழியப்பட்டது. அதைப் பதிவு செய்யச் செயலாளர் வேண்டும். செயலாளரை நீக்கிவிட்டால் பதிவு செய்ய ஆளில்லை. பதிவு செய்யாவிட்டால் நீக்கம் செல்லாது. பத்து நிமிடம் ஆலோசகர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். கடைசியில் நானே பேனாவை எடுத்தேன். 'செயலாளர் தீபன், மண்டபத்தில் இருந்த குற்றத்துக்காக நீக்கப்படுகிறார்' என்று எழுதினேன். பதினான்குக்கு ஒன்று. ரூபினி எதிர்த்தாள். 'ஜீ'யை அழித்தேன். கையெழுத்துப் போட்டேன். நல்ல கையெழுத்து. பாலிடெக்னிக்கில் அதற்கு மட்டும் பாராட்டுக் கிடைத்தது.

"சாவி," என்றார் தலைவர்.

கொடுத்தேன். வாங்கி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க சாமான் ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டுப் போயிடுங்க. நீக்கப்பட்டவர் பொருள் மன்றத்துல இருக்கக்கூடாது. விதி நாற்பத்தொன்னு."

"அந்த ஸ்பீக்கர் என்னோடது."

"எடுங்க, எடுங்க. இடத்த அடைச்சுக்கிட்டு."

குனிந்து ஒரு பக்கம் பிடித்தேன். இருபது வயதில் ஒற்றை ஆளாகத் தூக்கியது. இடுப்பு மறுத்தது. ரூபினி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து மறுபக்கம் பிடித்தாள். கதவு தானாக அசையத் தொடங்கியது. அவள் அதைக் காலால் நிறுத்தினாள்.

"அங்கிள், இந்தக் கதவுப் பூட்டு..."

"பிற விவகாரங்கள்ல பேசலாம்மா," என்றார் தலைவர். "மதிவாணன், கதவ உள்ள பூட்டுங்க. இனிமே நடக்கப்போறது ரகசியக் கூட்டம். முதல்ல நன்றியுரை."

நடைபாதைக்கு வந்துவிட்டோம். ரூபினி என்னைப் பார்த்தாள்.

"சொல்லலாமா அண்ணே?"

"ஏழு வருஷமா எழுதிக் குடுத்திருக்கேன்," என்றேன். "வாசிச்சதாக் கருதிட்டாங்க."

அவள் காலை எடுத்தாள். பெட்டியோடு முதல் படியில் கால் வைத்தபோது பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பூட்டு விழுந்தது.